உப்பு என்றால் எந்த உப்பு?

குன்றாண்டார்கோவில் ஒன்றியத்தில் நூறு நாள் வேலைக்குப் போகிற ஒரு பெண்ணுக்கு நீர் கழிக்கையில் எரிச்சல் கண்டால் வீட்டில் அதற்குப் பெயர் 'சூடு பிடிச்சுக்கிச்சு'. பக்கத்தில் மூலிகை தெரிந்த பெரியவர் இருந்தால் 'நீர்ச்சுருக்கு' என்பார். கீரனூருக்கோ புதுக்கோட்டைக்கோ பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனால் 'யூரின்ல இன்ஃபெக்‌ஷன்'. கையில் கிடைக்கும் சீட்டில் 'யூ.டி.ஐ.'. அவளுடைய மகள் பள்ளியில் உயிரியல் படிக்கிறவளானால் அவள் புத்தகத்தில் அது 'சிறுநீர்ப் பாதைத் தொற்று'.

பெயர் எதுவோ அந்த வழியில்தான் வைத்தியமும் போகிறது. சூடு என்றால் இளநீரும் ஊறவைத்த வெந்தயமும் தொப்புளில் விளக்கெண்ணெயும். நீர்ச்சுருக்கு என்றால் நெருஞ்சில், சிறுகண்பீளைக் கஷாயம். தொற்று என்றால் கிருமியைக் கொல்லும் மாத்திரை. எரிச்சலோடு குளிர் காய்ச்சலும் விலாப்புற வலியும் சேர்ந்துவிட்டால் கிருமி மேலேறிச் சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டது என்று பொருள். அப்போது சூடு என்ற பெயரோடு இரண்டு நாள் வீட்டில் இருப்பது ஆபத்து. அதனால் சிறுநீர் மண்டலத்துச் சொற்களைப் பற்றிய கேள்வியை அகராதிக்காரர்களின் கேள்வி என்று ஒதுக்கிவிட முடியாது.

தமிழில் இதற்கெல்லாம் சொல் இருக்கிறதா என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. சொல் இல்லாமல் இல்லை. சித்த மருத்துவம் தந்தது ஒரு தொகுதி. யாழ்ப்பாணத்து மருத்துவப் பள்ளியிலிருந்து வளர்ந்தது ஒன்று. இருபதாம் நூற்றாண்டின் சொல்லாக்கக் குழுக்களும் பாடநூல்களும் உண்டாக்கியது ஒன்று. இவை எதையும் கேட்காமல் ஆஸ்பத்திரி வராந்தாவில் தானாக உருவானது இன்னொன்று. இந்த நான்கும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. உறுப்புகளுக்குப் பெயர் வைப்பதில் அறிஞர்கள் செலவிட்ட உழைப்பில் பாதியை, நோயாளியும் மருத்துவரும் ஒருவரையொருவர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடங்களில் செலவிட்டிருக்கலாம் என்பது என் எண்ணம்.

பழைய தொகுதியிலிருந்து தொடங்குவோம். சித்த மருத்துவ நூல்கள் சிறுநீர் நோய்களை இரண்டு பெரும் பிரிவாக வைக்கின்றன: நீரைப் பெருக்கும் நோய்கள், நீரை அருக்கும் நோய்கள். அருக்குதல் என்றால் குறைத்தல். இந்த இரண்டாம் பிரிவில்தான் நீர்ச்சுருக்கு, நீரடைப்பு, கல்லடைப்பு, சதையடைப்பு முதலிய பெயர்கள் வருகின்றன. இவை ஏதோ கிராமத்துப் பேச்சு என்று தள்ளத்தக்கவை அல்ல. உள்ளே கூர்மையான பகுப்பு இருக்கிறது. நீர் கொஞ்சம் கொஞ்சமாக, வலியோடு இறங்குவது சுருக்கு. உள்ளே நீர் நிறைந்தும் வெளிவராமல் நிற்பது அடைப்பு. அடைத்தது கல்லா, வளர்ந்த சதையா என்று அடுத்த கேள்வி.

இன்றைய மருத்துவருக்கும் இதே கேள்விதான் முதல் கேள்வி. 'நேத்திலேருந்து ஒண்ணுக்கு வரல' என்று ஒரு முதியவரை அழைத்து வந்தால் மருத்துவர் முதலில் அடிவயிற்றைத் தொட்டுப் பார்க்கிறார். சிறுநீர்ப்பை புடைத்திருந்தால் நீர் ஊறியிருக்கிறது, வழிதான் அடைபட்டிருக்கிறது. டியூப் போட்டால் சில நிமிடங்களில் அந்த மனிதர் முகம் தெளிந்துவிடும். பை காலியாக இருந்தால் சிறுநீரகம் நீரையே பிரிக்கவில்லை. அது வேறு கதை, டயாலிசிஸ் வரை போகக்கூடிய கதை. 'வரல', 'பிரியல', 'இறங்கல' என்ற மூன்றையும் மக்கள் இன்று ஒன்றாகவே சொல்கிறார்கள். கேட்கத் தெரிந்த மருத்துவர் 'வரணும்னு முட்டுதா, முட்டவே இல்லையா?' என்று கேட்டுப் பிரித்துக்கொள்வார். இது எந்தப் பாடநூலிலும் இல்லாத கேள்வி. நல்ல தமிழ்க் கேள்வி.

சதையடைப்பு என்ற சொல்லுக்கும் ஒரு பரிந்துரை செய்யத் தோன்றுகிறது. ஐம்பது வயதைக் கடந்த ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி பெருத்துச் சிறுநீர் வழியை நெருக்குவதைப் பத்திரிகைகள் 'புராஸ்டேட் வீக்கம்' என்று எழுதுகின்றன. வீக்கம் என்றதும் நமக்கு அடிபட்டதும் சீழ் பிடித்ததும்தான் நினைவுக்கு வரும். வீங்கியது வற்றிவிடும் என்ற எதிர்பார்ப்பும் கூடவே வரும். உண்மையில் அங்கே நடப்பது புற்றல்லாத திசு வளர்ச்சி. 'சதை வளர்ந்திருக்கு' என்று ஊரில் சொல்வதே சரி. அந்தச் சுரப்பியின் கிரேக்கப் பெயருக்கு 'முன்னே நிற்பவன்' என்று பொருள். அதைப் பார்த்து 'முன்னிற்கும் சுரப்பி' என்று ஆக்கிப் பார்த்தார்கள், நிற்கவில்லை. புராஸ்டேட் இருக்கட்டும். நோய்க்குச் சதையடைப்பு போதும்.

இந்தத் தொகுதியில் இடறுகிற சொல்லும் உண்டு: மேகம். மேகநோய் 20 என்றும், அதில் வாதத்தால் 4, பித்தத்தால் 6, கபத்தால் 10 என்றும் கணக்கு வைத்தார்கள். நீரில் இனிப்பு இறங்கும் மதுமேகமும் இதற்குள்தான் வருகிறது. நீரிழிவை இனிப்பால் அடையாளம் கண்ட பழைய அறிவு அது. ஆனால் காலப்போக்கில் மேகம், மேகவெட்டை, வெட்டை எல்லாம் பால்வினை நோயின் பெயர்களாகிவிட்டன. சுவர் விளம்பரங்கள் அந்தப் பொருளை இன்னும் கெட்டிப்படுத்தின. விளைவாக, சாதாரணத் தொற்றால் எரிச்சல்படும் பெண் அதை வெளியே சொல்லக் கூசுகிறாள். வெள்ளைப்படுதலையும் நீர் எரிச்சலையும் ஒன்றாகப் போட்டுச் சொல்வதும், ஆண் மருத்துவர் என்றால் சொல்லாமலே திரும்புவதும் இதன் தொடர்ச்சி.

நீரைப் பார்த்து நோய் அறியும் கலையும் இங்கே இருந்தது. தேரையர் பெயரில் வழங்கும் நீர்க்குறி, நெய்க்குறி முறையில் நீரின் நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் ஐந்தையும் பார்ப்பார்கள். பிறகு நல்லெண்ணெய்த் துளி ஒன்றை விட்டு அது பாம்புபோல் நீள்கிறதா, மோதிரம்போல் வளைகிறதா, முத்தாக நிற்கிறதா என்று கவனித்து வாதம், பித்தம், கபம் என்பார்கள். ஐரோப்பாவிலும் இடைக்காலத்தில் கண்ணாடிக் குடுவையைத் தூக்கிப் பார்ப்பதே மருத்துவரின் அடையாளமாக இருந்தது. எண்ணெய்த் துளியின் முடிவுகளை இன்றைய பரிசோதனையோடு ஒப்பிட்டு நிறுவ வேண்டியது தனி வேலை. சொல்லாக்கத்துக்கு அதிலிருந்து ஒன்று கிடைக்கிறது: எஞ்சல். நீர் தெளிந்தபின் அடியில் தங்கும் படிவைக் குறிக்க இதைவிடச் சின்னச் சொல் எனக்குத் தெரியவில்லை. ஆய்வகச் சீட்டில் எவரும் பயன்படுத்தக் காணோம்.

இனி உறுப்பு. சிறுநீரகம் என்ற சொல் இன்று பழகிவிட்டதால் அது எப்போதும் இருந்ததுபோல் தோன்றுகிறது. பழைய வழக்கு குண்டிக்காய். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனில் அது இருக்கிறது. லேவியராகமத்தில் பலியிடும் விலங்கின் சிறுநீரகங்கள் வருமிடத்தில் பழைய தமிழ் விவிலியம் குண்டிக்காய் என்றே எழுதுகிறது. சுவையானது என்னவென்றால், அதே எபிரேய உறுப்புச் சொல் மனிதனின் உள்மனத்தைக் குறித்துச் சங்கீதங்களில் வரும்போது மொழிபெயர்ப்பாளர்கள் குண்டிக்காயை விட்டுவிட்டு 'உள்ளிந்திரியங்கள்' என்று மாற்றிக்கொண்டார்கள். கடவுள் மனிதனின் குண்டிக்காயைச் சோதிக்கிறார் என்று எழுத அவர்களுக்குக் கை வரவில்லை. சொல்லின் முதல் பாதி கேலிக்கு இடமானதுதான் அது வழக்கிழந்ததற்கும் காரணமாக இருக்க வேண்டும். இறைச்சிக் கடையில்கூட இப்போது 'கிட்னி' என்றுதான் கேட்கிறார்கள்.

கிட்னி என்ற சொல்லை வீட்டுக்குள் கொண்டுவந்தது பாடநூல் அல்ல, உறுப்பு மாற்று அறுவை. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1971இல் சிறுநீரக மாற்று வெற்றிகரமாக நடந்தது; நாட்டிலேயே முன்னோடி நிகழ்வு அது. அடுத்த இருபதாண்டுகளில் கடனுக்குச் சிறுநீரகம் விற்ற ஏழைகளின் செய்தி பெருகியது. சென்னை வில்லிவாக்கத்துக்குக் 'கிட்னிவாக்கம்' என்றே பட்டப்பெயர் ஒட்டியது. 1994இல் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் கிட்னி இரண்டு என்பதும், ஒன்றை விற்கலாம் என்று சொல்லித் தரகர் வருவார் என்பதும் தெரிந்தது இப்படித்தான். மூளை என்று சொல்ல வேண்டிய இடத்தில் கிட்னி என்று சொல்லிச் சிரிக்க வைக்கிற சினிமா நகைச்சுவை அதற்குப் பிந்தைய கதை.

யாழ்ப்பாணப் பக்கம் வேறு வரலாறு. அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1847இல் இலங்கைக்கு வந்தார். மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில். படித்து முடித்தவர்கள் ஊரைவிட்டு அரசு வேலைக்குப் போவதைக் கண்டபின் 1860களில் தமிழ் வழிக்கு மாறினார். உடற்கூறு, அறுவை, மகப்பேறு, உடலியல், வேதியியல் என்று அவரும் அவருடைய மாணவர்களும் பெயர்த்த நூல்கள் நான்காயிரம் பக்கங்களைத் தாண்டும். 'பிரசவ வைத்தியம்', 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்' என்ற தலைப்புகளைப் பார்த்தால் வடசொல்லுக்கு அவர் தயங்கவில்லை என்பது தெரியும். வேதியியலுக்குக் 'கெமிஸ்தம்' என்றே பெயர் வைத்தார். அறுபதுக்கும் மேற்பட்ட மருத்துவர்களைப் பயிற்றுவித்து 1873இல் ஊர் திரும்பினார், 1884இல் மறைந்தார். அவருக்குப் பின் கல்வி மீண்டும் ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. சொற்கள் பிழையானதால் அல்ல. அந்தச் சொற்களைப் படித்தவனுக்கு வேலை கிடைக்கும் வழி அடைபட்டதால்.

இலங்கையில் தமிழ்வழிப் பள்ளிக் கல்வி தொடர்ந்ததால் அங்கே சொல்லாக்கமும் தொடர்ந்தது. நெஃப்ரானை அவர்கள் 'சிறுநீரகத்தி' என்றார்கள். சிறுநீரகத்தின் வேலையைச் செய்யும் மிகச் சிறிய அலகு என்பதை ஒரு விகுதியால் காட்டிவிட்ட சொல். அதற்குள் இரத்த நுண்குழாய்கள் முடிச்சாகச் சுருண்டிருக்கும் பகுதிக்குக் 'கலன்கோளம்'. தமிழ்நாட்டுப் பாடநூல் நெஃப்ரான், கிளாமருலஸ், பௌமானின் கிண்ணம், ஹென்லே வளைவு என்று போகிறது. பௌமான் 1842இல் அந்தக் கிண்ணத்தையும் ஹென்லே 1862இல் அந்த வளைவையும் விவரித்தவர்கள். பெயர் இருப்பதில் தவறில்லை. ஆனால் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான் இருக்கிறது, இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து நாளொன்றுக்கு 180 லிட்டர் நீரை வடித்து அதில் ஒன்றரை லிட்டரை மட்டும் வெளியே விடுகிறது என்று மாணவருக்குச் சொல்லும்போது, வடிகட்டி என்ற கருத்தைத் தாங்காத பெயரைவிடத் தாங்குகிற பெயர் உதவும். பாக் நீரிணைக்கு இருபுறமும் ஒரே மொழியில் படிக்கும் பிள்ளைகள் ஒரே உறுப்பை வேறு வேறு பெயரால் படிக்கிறார்கள் என்பது வருத்தமே. இதைச் சரிசெய்யக் கூடிப் பேசியவர்கள் குறைவு.

பேச்சு வழக்கிலும் இடைவெளி உண்டு. யாழ்ப்பாணத்தில் சலம் என்றால் சிறுநீர், சிறுநீர்ப்பை சலப்பை, நீரிழிவு சலரோகம். புதுக்கோட்டைப் பக்கம் சலம் என்றால் சீழ். 'சலம் வருது' என்று யாழ்ப்பாணத்தவர் சொன்னால் நலம். இங்கே அதைச் சொன்னால் புண்ணைக் காட்டச் சொல்வார்கள்.

சிறுநீர் இறங்கும் இரண்டு குழாய்களின் பெயர்ச் சிக்கலைச் சுருக்கமாகச் சொல்லலாம். சிறுநீரகத்திலிருந்து பைக்கு இறங்குவது ஒன்று, 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளம். பையிலிருந்து உடலுக்கு வெளியே போவது மற்றது. இரண்டின் ஆங்கிலப் பெயரும் யுரீட்டர், யுரீத்ரா என்று ஓரிரு எழுத்தில் வேறுபட்டு மருத்துவ மாணவரையே குழப்பும். தமிழ் நூல்கள் சிறுநீர்க்குழாய், சிறுநீர்நாளம், சிறுநீர்க்கான், சிறுநீர்வழி, சிறுநீர்த்தாரை என்று பலவாறு எழுதிக் குழப்பத்தைக் கூட்டின. மேலதைக் குழாய், கீழதை வழி என்று நிலைநிறுத்திவிட்டால் போதும். வழி என்ற சொல் பொருத்தமானதும்கூட: ஆணுக்கு அது ஏறத்தாழ 20 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 4 சென்டிமீட்டர்தான். கிருமிக்கு நடக்க வேண்டிய தூரம் குறைவு. வேலைத் தளத்தில் ஒதுங்க இடமில்லாததால் தண்ணீர் குடிக்காமலும் நீரை அடக்கியும் நாளைக் கழிக்கிற பெண்ணுக்குத் தொற்று ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பதை இந்த ஒரு கணக்கு விளக்கிவிடும்.

சொல்லாக்கக் குழுக்களின் வரலாறு நீளமானது, தெரிந்தது. சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் தொடங்கிய தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் 1916இல் இதழே நடத்தியது. சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் 'கலைச்சொற்கள்' 1938இல் வந்தது. மணப்பாறையைத் தன் பெயரிலேயே சுமந்த மணவை முஸ்தபா, யுனெஸ்கோ கூரியரின் தமிழ்ப் பதிப்பை நடத்தியபடியே தனி ஆளாக மருத்துவக் கலைச்சொல் களஞ்சியம் தொகுத்தார். மத்தியப் பிரதேசத்தில் 2022இல் இந்தியில் மருத்துவப் பாடநூல்கள் வெளியானபின் தமிழ்நாட்டிலும் வேகம் பிடித்து, பாடநூல் கழகம் மருத்துவ நூல்களின் தமிழாக்கங்களை வெளியிட்டது. எல்லாம் நல்ல வேலை. எல்லாவற்றிலும் ஒரு பொதுக் குறை: ஆங்கிலச் சொல்லை இடப்பக்கத்தில் எழுதி வலப்பக்கம் நிரப்பினார்கள். இடப்பக்கத்தில் இல்லாத சொல், அதாவது நோயாளி வாயிலிருந்து வரும் சொல், அந்தப் பட்டியலுக்குள் நுழையவே முடியாது.

அப்படி நுழையாமல் போன சொல்தான் 'உப்பு'.

கர்ப்பிணிக்குக் கிராம சுகாதாரச் செவிலியர் நீர்ப் பரிசோதனை செய்து 'உப்பு இருக்கு' என்றால் அது அல்புமின், அதாவது புரதம். சர்க்கரை நோயாளிக்குக் கிட்னியைப் பார்த்து மருத்துவர் 'உப்பு கூடியிருக்கு' என்றால் அது இரத்தத்திலுள்ள யூரியாவோ கிரியேட்டினினோ. கல் இருப்பவருக்கு 'உப்பு படிஞ்சிருக்கு' என்றால் கால்சியம் ஆக்சலேட் போன்ற படிகங்கள். இரத்தக் கொதிப்புக்காரரிடம் 'உப்பைக் குறைங்க' என்றால் மட்டும் அது சமையல் உப்பு. நான்கும் ஒரே சொல். ஒரே குடும்பத்தில் மருமகளுக்கும் மாமனாருக்கும் ஒரே வாரத்தில் 'உப்பு' என்று சொல்லப்பட்டால் இரண்டு பேருக்கும் ஒரே நோய் என்று வீடு முடிவு செய்வதில் வியப்பில்லை.

இந்தச் சொல் எப்படிப் புகுந்தது என்று ஊகிக்கத்தான் முடியும். நீரில் முதலில் பார்ப்பது இரண்டு: ஒன்று சர்க்கரை, மற்றது அல்புமின். சர்க்கரைக்கு ஜோடி உப்பு. அல்புமினுக்கு எளிய சொல் வேண்டியிருந்தபோது அடுப்படியின் அடுத்த டப்பா கைக்கு வந்துவிட்டது. அல்புமின் உண்மையில் எதற்கு நெருக்கம் என்றால் முட்டை வெள்ளைக்கருவுக்கு. லண்டன் கைஸ் மருத்துவமனையின் ரிச்சர்ட் பிரைட் 1827இல் சிறுநீரக நோயை விவரித்தபோது பயன்படுத்தப்பட்ட சோதனை எளியது: நோயாளியின் நீரை ஒரு கரண்டியில் ஊற்றி மெழுகுவத்தியில் காட்டினால், புரதம் இருந்தால் வெள்ளைக்கருபோல உறையும். இன்றைய நிறமாறும் பட்டை அதையே ஒன்று முதல் நான்கு பிளஸ் வரை அளந்து சொல்கிறது. 'நீரில் வெள்ளைக்கருச் சத்து போகுது' என்று சொல்லியிருந்தால் சத்து ஒழுகுகிறது என்பது எவருக்கும் புரிந்திருக்கும்.

உப்பு என்று சொன்னதால் என்ன ஆகிறது? கர்ப்பிணியின் சாப்பாட்டில் உப்பை நிறுத்துகிறார்கள். கர்ப்பகால இரத்தக் கொதிப்போடு புரதம் போவது தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்தான நிலையின் அறிகுறி. அதைத் தடுக்கச் சாப்பாட்டில் உப்பைக் குறைப்பதை உலக சுகாதார நிறுவனமே 2011ஆம் ஆண்டுப் பரிந்துரையில் ஏற்கவில்லை. அவளுக்கு வேண்டியது இரத்த அழுத்தத்தை அடிக்கடி பார்ப்பதும், தலைவலி, பார்வை மங்கல், முகவீக்கம் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போவதும். உப்பை நிறுத்திய வீடு, செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடுகிறது.

கிரியேட்டினின் விஷயத்தில் வேறு விபரீதம். சிறுநீரக நோயாளி உப்பைக் குறைப்பது நல்லதுதான். ஆனால் 'உப்பு' என்று கேட்டவர் சமையல் உப்பை விட்டு இந்துப்புக்கு மாறுகிறார். இந்துப்பும் பெருமளவு அதே சோடியம் குளோரைடு, மாறியதால் பயனில்லை. சிலர் சோடியம் குறைந்தது என்று விற்கும் உப்பை வாங்குகிறார்கள். அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும். பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாத சிறுநீரகத்துக்கு அது இதயத்தையே நிறுத்தக்கூடிய உப்பு. கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. ஊரில் 'கிரியாட்டின்' என்று பாதி விழுங்கிச் சொல்கிறார்கள், சொல்லட்டும். அந்தக் கடன்சொல்லே உப்பைவிடப் பாதுகாப்பானது, ஏனென்றால் அது வேறெதையும் நினைவூட்டாது. பொருள் கேட்டால் 'தசைக் கழிவு' என்று விளக்கலாம். தெரிந்த பொருளின் பெயரைத் தெரியாத பொருளுக்கு வைப்பதைக் காட்டிலும் தெரியாத பெயரே மேல் என்கிற இடங்கள் மருத்துவத்தில் உண்டு. தனித்தமிழ் அன்பர்கள் பொறுக்க வேண்டும்.

அடுத்த இடறல் நோயின் காலத்தைக் குறிக்கும் சொற்களில். திடீரென்று வருவதற்கு 'அக்யூட்' என்பார்கள். மாதக்கணக்கில் நீடிப்பதற்குக் 'க்ரானிக்'. தமிழில் முன்னதைக் 'கடுமையான', 'தீவிர' என்றும் பின்னதை 'நாள்பட்ட' என்றும் எழுதினார்கள். கேட்பவருக்குக் கடுமையானது பெரிய நோய், நாள்பட்டது பழகிய சின்ன நோய். நடப்பது பெரும்பாலும் நேர்மாறு. வயிற்றுப்போக்கில் நீர் வற்றியோ, பாம்புக்கடியிலோ, வலி மாத்திரையாலோ திடீரென நின்ற சிறுநீரகம் தகுந்த சிகிச்சையில் பல நேரம் மீண்டு வரும். மூன்று மாதத்துக்கு மேல் நீடித்து வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 60 மில்லிலிட்டருக்குக் கீழ் போனது பொதுவாக மீளாது. மெல்ல ஐந்து படிகளில் இறங்கும். 'திடீர்' என்ற சொல் கைக்கருகில் இருக்க அதை ஏன் எடுக்கவில்லை என்று விளங்கவில்லை. பேச்சுவழக்கு என்று எண்ணியிருக்கலாம்.

இலங்கையின் வட மத்திய மாகாணத்தில் 1990களிலிருந்து விவசாயிகளைப் பிடித்துவரும் நோய்க்குக் 'காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய்' என்று பெயர். சர்க்கரை, கொதிப்பு எதுவும் இல்லாமல் வெயிலில் உழைப்பவர்களுக்கு வருவது. ஆந்திரத்தின் உத்தானம் பகுதியிலும் அதே கதை. குன்றாண்டார்கோவில் போன்ற வறண்ட, வெயில் காய்ந்த பகுதியில் இந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டும். சர்க்கரை இல்லாதவனுக்குக் கிட்னி கெடாது என்ற நம்பிக்கை இங்கே வலுவாக இருக்கிறது.

'கிட்னி ஃபெயிலியர்' என்ற சொல் செய்யும் கேடு இன்னும் அதிகம். பள்ளியில் ஃபெயில் என்றால் முடிந்தது. தமிழில் அதைச் 'செயலிழப்பு' என்றோம். அதுவும் முற்றாக நின்றுவிட்டது என்றே ஒலிக்கிறது. பாதித் திறன் மிச்சமிருக்கும் நோயாளியிடம் இந்தச் சொல்லைச் சொன்னால் அவர் கேரளத்து வைத்தியர், சாமியார், கிட்னியைப் புதுப்பிப்பதாகச் சொல்லும் பொடி என்று அலையத் தொடங்குகிறார். கொதிப்பு மாத்திரையை விட்டுவிடுகிறார். மிச்சப் பாதியும் போய்விடுகிறது. ஆங்கிலத்திலேயே இதை உணர்ந்திருக்கிறார்கள். 2019இல் மாட்ரிட்டில் கூடிய சிறுநீரக வல்லுநர்கள், இலத்தீன் வழிவந்த 'ரீனல்' என்ற சொல்லை விட்டு மக்கள் பேசும் 'கிட்னி'யையே நோய்ப் பெயர்களில் வைக்கலாம், 'கடைநிலை' போன்ற அச்சுறுத்தும் அடைமொழிகளைத் தவிர்க்கலாம் என்று பரிந்துரைத்தார்கள். தமிழில் 'சிறுநீரகத் திறன் பாதி' என்று எண்ணில் சொல்லிவிடலாம். பாதி, கால், அரைக்கால் நம் கணக்குதானே.

டயாலிசிஸ் பற்றிச் சொல்லாக்கக்காரர்கள் அதிகம் சண்டை போட்டிருக்கிறார்கள். வேதியியல் பாடத்தில் அது கூழ்மப்பிரிப்பு. 1861இல் தாமஸ் கிரஹாம் அந்தப் பெயரை வைத்தபோது அவர் பேசியது கூழ்மங்களைப் பற்றித்தான் என்பதால் அங்கே சரி. 1943இல் நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் செயற்கைச் சிறுநீரகத்தை நோயாளிக்குப் பொருத்தியபின் சொல் ஆஸ்பத்திரிக்கு வந்தது. நாளிதழ்கள் 'இரத்தச் சுத்திகரிப்பு' என்கின்றன. புரிகிறது, ஆனால் இரத்த சுத்தி என்பது நம் ஊரில் சொறி, சிரங்குக்குத் தரும் மருந்தின் பெயருமாகும். வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் படுத்திருக்கும் நோயாளிகளும் அவர்கள் வீட்டாரும் டயாலிசிஸ் என்றுதான் சொல்கிறார்கள். அவர்கள் வாயில் பழகிய சொல்லுக்கு மாற்று தேடுவது வீண் வேலை. வயிற்றறைக்குள் திரவம் விட்டு வடிக்கும் முறையை 'வயிற்று டயாலிசிஸ்' என்று அவர்களே பிரித்தும் விட்டார்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் அதற்கான பைகளை வீட்டுக்கே தருகிறது.

சொற்பட்டியலை எந்திரமாக நம்பினால் என்ன நேரும் என்பதற்கும் இங்கேயே சான்று இருக்கிறது. டயாலிசிஸ் நோயாளியின் கையில் தமனியையும் சிரையையும் இணைத்து வைப்பது ஃபிஸ்டுலா. 1966 முதல் உலகமெங்கும் செய்வது. கலைச்சொல் அகராதியைத் திறந்தால் ஃபிஸ்டுலாவுக்குப் பவுத்திரம் என்றிருக்கும். கையில் பவுத்திரம் வைக்க வேண்டும் என்று எழுதினால் ஆசனவாய்க் கோளாறு எப்படிக் கைக்கு வந்தது என்று நோயாளி திகைப்பார்.

புதுக்கோட்டை மாவட்டத்துக்கு இந்த வேலையில் ஒரு தகுதி உண்டு. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் இங்கே பெண்களைச் சைக்கிள் ஏற்றியபோது, பாடத்துக்கான சொற்களை மக்கள் பேச்சிலிருந்தே எடுக்கலாம் என்பதும் கூடவே நடத்திக் காட்டப்பட்டது. 2017 முதல் மாவட்டத் தலைநகரில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கும் மாணவர்கள் 13 ஒன்றியங்களிலிருந்து வரும் நோயாளிகள் சொல்லும் சொற்களை, சொன்னவரின் வயதும் ஊரும் சேர்த்து, எதிரே கண்டறிந்த நோயின் பெயரோடு எழுதி வந்தால், நோயாளியின் தமிழ் இடப்பக்கத்தில் இருக்கும் ஒரு மருத்துவச் சொற்பட்டியல் கிடைக்கும். கடுக்குது, குத்துது, முட்டுது, சொட்டுது, நுரைக்குது, கலங்கலா போகுது, செவசெவன்னு போகுது: இவை ஒவ்வொன்றும் வேறு வேறு நோயைச் சுட்டுபவை. நீரில் அடங்காத நுரை என்றால் புரதம் போகக்கூடும், சிவந்து போனால் வலி இல்லாவிட்டாலும் அன்றே காட்ட வேண்டும் என்று அதே சொற்களைத் திருப்பி மக்களிடம் சொல்லலாம். ஆய்வகச் சீட்டில் அல்புமினுக்கு எதிரே 'உப்பு' என்று எழுதுவதை நிறுத்தி 'புரதம்' என்று அச்சடிப்பதற்கு எந்தக் குழுவும் கூட வேண்டியதில்லை. அடுத்த கட்டுச் சீட்டு அச்சகத்துக்குப் போகும்போதே செய்துவிடலாம்.